மரக்குடிசைப் பள்ளிக்கூடம்

பாடஞ் சொல்லும் கலையை ஒருவர் எங்கே கற்றுக்கொள்கிறார்? பயிற்சிக் கல்லூரியில் என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. அது பொய்யன்று, ஆனால் முழுமையான விடையும் அன்று. ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்களோடு பல்லாண்டு பழகிய எனக்கு, இவ்வினா எழும்போதெல்லாம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் குன்றுப் பகுதியில் இருந்த ஒரு மரக்குடிசை நினைவுக்கு வரும். அங்கே இரண்டு கோடைகள் பாடஞ் சொன்னவர் ஒரு கல்லூரி மாணவர். பிற்காலத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த பேரறிஞர் என்று உலகம் அறிந்த டு பாய்ஸ் என்பவரே அவர்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். தென் மாநிலங்கள் பலவற்றில் அதுவரை அடிமைக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. ஆகவே, விடுதலை பெற்ற மக்கள் ஆவலோடு நாடியவற்றுள் பள்ளிக்கூடமும் ஒன்று. ஆனால் ஆசிரியர்களுக்கு எங்கே போவது? அக்குறையைத் தீர்க்க எழுந்த நிலையங்களுள் ஒன்று நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் கல்வி நிலையம். 1866-இல் பழைய இராணுவ மருத்துவமனைக் கொட்டகைகளில் அது தொடங்கிற்று. பணமுடை நேர்ந்தபோது, 1871-இல் மாணவர் சிலர் பாடகர் குழுவாகப் புறப்பட்டு, ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டி அதனைக் காத்தனர். கோடை விடுமுறையில் சிற்றூர்களுக்குச் சென்று பாடஞ் சொல்வது அம்மாணவர்களிடையே ஒரு மரபாகவே வளர்ந்தது. சிறு சம்பளம் கிடைத்தது உண்மைதான். எனினும், அவர்கள் போகாவிட்டால் அந்த ஊர்களுக்கு வேறு எவரும் போகமாட்டார்.

வட மாநிலமான மாசசூசெட்ஸில் 1868-இல் பிறந்த டு பாய்ஸ், 1885-இல் ஃபிஸ்கில் சேர்ந்தார். கோடை வந்ததும், ஆசிரியராக விரும்புவோர்க்கு நடத்தப்பெற்ற குறுகிய காலப் பயிற்சியில் கலந்துகொண்டு சான்றிதழ் பெற்றார். பின்னர்ப் பள்ளி தேடி நாட்கணக்கில் கால்நடையாக அலைந்தார். வழியில் ஜோஸி என்னும் இளம்பெண்ணைச் சந்தித்தார். வயது இருபது இருக்கும். போர் முடிந்த பிறகு தங்கள் ஊருக்கு ஒரே ஒரு முறைதான் ஆசிரியர் வந்திருக்கிறார் என்றும், தனக்குப் படிக்க ஆசை என்றும் அவள் சொன்னாள்.

பள்ளி அதிகாரியிடம் அனுமதி கேட்கச் சென்றார் டு பாய்ஸ். வெள்ளையர் பள்ளியில் வேலை நாடிய ஓர் இளைஞரும் உடன் சென்றார். அதிகாரி இன்முகங் காட்டி, இருவரையும் உணவருந்திச் செல்லுமாறு உபசரித்தார். ஆனால் அவர்கள் இருவரும் முதலில் உண்டனர். டு பாய்ஸ் பின்னர்த் தனியே உண்டார். வேலை கிடைத்தது, தம் நிலை இன்னதென்பதும் உடன் விளங்கிற்று.

பள்ளியோ, ஒரு நிலக்கிழார் சோளம் சேர்த்து வைத்திருந்த மரக்குடிசை. மரங்களுக்கிடையே இருந்த இடுக்குகளே சன்னல்கள். மூன்று பலகைகளை இணைத்தது ஆசிரியரின் மேசை. நாற்காலி, அவர் தங்கியிருந்த வீட்டு அம்மையாரிடம் இரவல் வாங்கியது; மாலைதோறும் திருப்பித் தரவேண்டும். சாய்மானம் இல்லாத பலகைகளில் முப்பது பிள்ளைகள் வரை அமர்ந்தனர்.

சில நாட்களில் பிள்ளைகள் குறையத் தொடங்கினர். டு பாய்ஸ் வருகைப் பதிவேட்டில் குறி போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகச் சென்றார். தந்தை வாரத்துக்குப் பயிரிடுபவர். விளைச்சலுக்குப் பையன்கள் வேண்டும் என்றார். தாயோ, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண் வேண்டும் என்றார். ஏட்டுக் கல்வியில் முதியோருக்கு ஐயம் இருப்பதும் தெரிந்தது. கல்வியின் பெருமை குறித்துப் பண்டை ரோமானிய நாவலர் சிசரோ நிகழ்த்திய உரையை எளிய சொற்களில் பெயர்த்து அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அந்த வாதம் ஒரு வாரம் பயன் தரும். பிறகு மறுபடியும் போகவேண்டும். வெள்ளிக்கிழமை இரவுகளில் மாணாக்கர் வீடுகளில் தங்கி, அவர்கள் உண்டதை உண்டார்.

இந்த வரலாற்றில் என் உள்ளத்தைப் பெரிதும் தொடுவது முடிவுப் பகுதி. பத்தாண்டுகளுக்குப் பின் டு பாய்ஸ் அவ்வூருக்குத் திரும்பிச் சென்றார். நாஷ்வில் சென்று மேலும் படிக்கக் கனவு கண்ட ஜோஸி, குடும்பத்துக்காக உழைத்து உழைத்தே இறந்துபோயிருந்தாள். குடிசை இருந்த இடத்தில் மூன்று சன்னல்களும் பூட்டுகின்ற கதவும் உடைய பலகைக் கட்டடம் நின்றது. கரும்பலகை சற்றே பெரிதாகியிருந்தது; பிள்ளைகளின் இருக்கைகளுக்கு இன்னும் சாய்மானம் இல்லை. ஆயினும், ஆண்டுதோறும் பள்ளி நடந்து வந்தது. இதனை முன்னேற்றம் என்பதா, அன்று என்பதா? 1903-இல் வெளியான தம் கட்டுரைத் தொகுப்பில் இக்கேள்வியை எழுப்பிய டு பாய்ஸ், எளிதான விடை எதுவும் கூறவில்லை.

அந்தத் தொண்டு ஊரைக் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் ஓர் ஆசிரியரை உருவாக்கிற்று என்பது என் துணிபு. 1896-இல் பிலடெல்பியா நகரத்துக் கறுப்பின மக்களின் வாழ்க்கையை ஆராயப் புகுந்த டு பாய்ஸ், ஏறத்தாழ 2,500 குடும்பங்களை வீடு தேடிச் சென்று கண்டார். 1899-இல் நூலாக வந்த அவ்வாராய்ச்சியின் வேர், பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டுக் குடிசை வாயிலில் நின்ற அந்தக் கோடைகளிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் 1969-இல், காந்தியடிகளின் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. அது முதல் கல்லூரி மாணவர்கள் சிற்றூர்களுக்குச் சென்று வருகின்றனர். அவர்களுள் ஆசிரியராக விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஊருக்கு எதைக் கொடுத்தோம் என்று கணக்கெடுப்பதற்கு முன், பள்ளிக்கு வராத ஒரு பிள்ளையின் வீட்டைக் கண்டுபிடியுங்கள். வாயிலில் நின்று காரணம் கேளுங்கள். அங்கே கிடைக்கும் விடைதான் உங்கள் ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம்.