வங்கப் பணமும் தேம்ஸ் மாளிகையும்

ஜேன் ஒஸ்டினின் நாவல்களிலே செல்வந்தர் பலர் வருகின்றனர். அவர்களுடைய ஆண்டு வருமானம் இவ்வளவு என்றுகூட அவர் சொல்லிவிடுவார். அந்தப் பணம் வந்த வழியை அரிதாகவே விரித்துரைப்பார். அவர் சொல்லாது விட்டதைச் சொல்லும் கட்டடம் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் பார்க்ஷயரில், தேம்ஸ் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கிறது பாசில்டன் பார்க் என்னும் நாட்டுப்புற மாளிகை. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில், 1776 இல், கட்டடக் கலைஞர் ஜோன் கார் இதன் வேலையைத் தொடங்கினார். கல், பாத் நகரத்துக் கல். பணம், வங்காளத்துப் பணம்.

கட்டுவித்தவர் பிரான்சிஸ் சைக்ஸ். கிழக்கிந்தியக் கம்பனி ஊழியராகச் சென்ற இவர், 1765 இல் முர்ஷிதாபாத் நவாபின் அரசவையில் கம்பனியின் பிரதிநிதியானார். பெருஞ் செல்வத்தோடு தாயகம் திரும்பினார். இத்தகையோரை ஆங்கிலேயரே ‘நபோப்’ என எள்ளினர். நவாப் என்ற சொல்லின் திரிபு அது. 1770 இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. ஒரு கோடிப் பேர்வரை மாண்டனர் என்பர். மறு ஆண்டு சைக்ஸ் பாசில்டன் நிலத்தை வாங்கினார். பஞ்சத்தின் பழியைத் தனியொருவர் தலையில் ஏற்றுவது வரலாறாகாது. ஆயினும், அந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பாராதிருப்பதும் வரலாறாகாது.

பின்வந்த கதையில் இலக்கியமும் உண்டு. சைக்ஸின் பேரனுடைய மனைவி ஹென்றியேட்டாவைக் காதலித்தார் டிஸ்ரேலி. 1837 இல் வெளிவந்த தம் நாவலின் நாயகிக்கும் ஹென்றியேட்டா என்றே பெயரிட்டார். அடுத்த ஆண்டு மாளிகை, துணி வணிகத்தில் பொருளீட்டிய ஜேம்ஸ் மொரிசனிடம் கைமாறியது. பாசில்டன் பொண்ட் என்ற கடிதத்தாள் 1911 இல் இதன் பெயரைத் தாங்கி வந்தது. பின்னர் சீரழிவு. உள் அலங்காரங்களிற் சில நியூயோர்க்கின் வோல்டோர்ப் அஸ்டோரியா ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் படையினர் தங்கினர். ஐம்பதுகளில் ஐலிப் தம்பதியர் வாங்கிப் புதுப்பித்து, 1978 இல் நெஷனல் ட்ரஸ்ட் என்னும் மரபுரிமைக் காப்பு நிறுவனத்துக்கு அளித்தனர்.

இன்று இது பொதுமக்கள் பார்வையிடும் இடம், திரைப்படக் களமும்கூட. ஒஸ்டினின் ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ நாவல் 2005 இல் படமானபோது, பிங்லி குடிவரும் நெதர்பீல்ட் மாளிகையாக நின்றது இதுவே. 2020 இல் நெஷனல் ட்ரஸ்ட் தன் மாளிகைகளின் குடியேற்றவாதத் தொடர்புகளை அறிக்கையாக வெளியிட்டபோது, பிரித்தானியாவில் பலர் சினந்தனர். அழகை ரசிக்க வந்தவரிடம் கணக்குக் கேட்கலாமா என்பது அவர்கள் வாதம்.

நான் அந்த அழகை மறுக்கவில்லை. ஜோன் காரின் கைத்திறன் போற்றத்தக்கதே. ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில், வரி கொடுத்த வங்க உழவனுக்கும் ஒரு வரி எழுதப்பட வேண்டும். அதுவே நேர்மையான வரலாறு.