எண்பது சொல்லுக்கு 20 மதிப்பெண்: எஸ்பிஎம் ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதி

எஸ்பிஎம் ஆங்கிலம் என்றதும் பிள்ளைகள் பயப்படுவது நீண்ட கட்டுரைக்குத்தான். டியூஷனிலும் அதற்கே அதிக நேரம் போகிறது. ஆனால் 2021 முதல் நடப்பில் உள்ள எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். முதல் பகுதி ஒரு மின்னஞ்சலுக்குச் சுமார் 80 சொல்லில் பதில் எழுதுவது. இரண்டாவது 125 முதல் 150 சொல். மூன்றாவது 200 முதல் 250 சொல். மொத்தம் ஒன்றரை மணி நேரம். எண்பது சொல் எழுதுகிறவருக்கும் 20, இருநூற்றைம்பது சொல் எழுதுகிறவருக்கும் 20 என்றால், எதை முதலில் கைவசப்படுத்த வேண்டும் என்பது தெளிவு.

ஆங்கிலத்தில் தேறாவிட்டாலும் எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்கும். மலாய்மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேறினால் போதும். இதனாலேயே பல வீடுகளில் ஆங்கிலம் பின்னுக்குப் போய்விடுகிறது. பிறகு வேலைக்கு மனுப் போடும்போதும், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த ஒரு கிரேடு முன்னால் வந்து நிற்கும்.

முதல் பகுதியில் வரும் மின்னஞ்சல் பெரும்பாலும் ஒரு நண்பர் எழுதியதாக இருக்கும். அதற்குள் சில கேள்விகள் இருக்கும். அவற்றுக்குப் பதில் சொல்வதே வேலை. திருத்தும்போது நான்கு கூறுகளைப் பார்க்கிறார்கள்: உள்ளடக்கம், படிப்பவருக்கு ஏற்றபடி எழுதியிருப்பது, ஒழுங்கு, மொழி. ஒவ்வொன்றுக்கும் 5. இலக்கணமும் சொல்வளமும் கடைசிக் கூற்றில்தான் அடங்கும். 'எனக்கு கிராமர் வராது' என்று பேனாவைக் கீழே வைக்கும் பிள்ளை, மற்ற 15 மதிப்பெண்ணையும் சேர்த்தே விட்டுவிடுகிறான்.

ஓர் எடுத்துக்காட்டு. நண்பன் எழுதுகிறான்: பள்ளி விடுமுறையில் தைப்பிங் வருகிறேன். எந்த இடங்களைப் பார்க்கலாம்? அங்கே என்ன சாப்பிடலாம்? நான் என்ன கொண்டு வரவேண்டும்?

நல்ல பதில் நேராக விஷயத்துக்கு வந்துவிடும். நீ வருவது மகிழ்ச்சி. முதலில் லேக் கார்டனுக்குப் போவோம். அங்கே பெரிய மழைமரங்கள் சாலையைத் தாண்டி ஏரிவரை சாய்ந்து நிற்கும். மிருகக்காட்சிசாலையும் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் அம்மா சுடும் தோசை, மாலையில் கடைத்தெருவில் கொய்த்தியாவ். மறக்காமல் குடை கொண்டு வா, இங்கே மழை அதிகம். இவ்வளவுதான். இதை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் எண்பது சொல்லுக்குப் பக்கத்தில் வந்துவிடும். குடை என்று மட்டும் சொல்லாமல் ஏன் குடை என்றும் சொன்னதைக் கவனியுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்படி ஒரு காரணமோ விவரமோ இருந்தால் உள்ளடக்கம் நிறைந்துவிடும்.

பலர் சறுக்குவது மூன்றாவது கேள்வியில். முதல் கேள்விக்கே அறுபது சொல் எழுதிவிட்டுக் கடைசிக் கேள்வியை மறந்துவிடுகிறார்கள். இன்னொரு சறுக்கல், மனப்பாட முன்னுரை. 'ஐ ஹோப் யூ ஆர் இன் த பிங்க் ஆஃப் ஹெல்த்' என்பது ஒன்பது சொல். அதோடு 'இட் ஹேஸ் பீன் எ லோங் டைம் சின்ஸ் வீ லாஸ்ட் மெட்' என்றும் சேர்த்தால் பத்தொன்பது. எண்பதில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று, ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. நண்பனுக்கு யார்தான் இப்படி எழுதுகிறார்கள்? அதே நேரம், வாட்ஸ்அப்பில் எழுதும் 'டிகியூ', 'பிஎல்எஸ்' போன்ற சுருக்கங்களும் விடைத்தாளில் வேண்டாம்.

மொழிப் பிழைகளில் ஒன்று நம் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது. 'யெஸ்டர்டே ஐ கோ டு டவுன்' என்று எழுதுகிறார்கள். மலாயில் நேற்றானாலும் நாளையானாலும் 'சாயா பெர்கி'தான், வினைச்சொல் மாறாது. பள்ளியில் நாள்முழுதும் கேட்கும் அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் ஏறிவிடுகிறது. ஆனால் தமிழ் பேசும் பிள்ளை போனேன், போகிறேன், போவேன் என்று காலத்தை யோசிக்காமலே சரியாகச் சொல்கிறது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைச்சொல்லையும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 'போனேன்' என்று வாய் சொன்னால் அங்கே 'வென்ட்' இருக்கவேண்டும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு பலம். இதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

அதற்காக முழு வாக்கியத்தையும் தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றக்கூடாது. தலை வலிக்கிறது என்பதற்கு 'மை ஹெட் இஸ் பெயினிங்' அல்ல, 'ஐ ஹேவ் எ ஹெடேக்'. மலாயிலிருந்து மாற்றினாலும் அதே கதைதான். அப்பாவோடு டவுனுக்குப் போனதை 'ஐ ஃபாலோ மை ஃபாதர்' என்று எழுதினால், அப்பாவைப் பின்தொடர்ந்து போனதாகத்தான் ஆங்கிலம் தெரிந்தவர் நினைப்பார். 'ஐ வென்ட் வித் மை ஃபாதர்' என்றால் போதும்.

பயிற்சிக்குப் புத்தகம் வாங்கவேண்டிய அவசியமில்லை. பள்ளிக்கு வராத காரணத்தை வகுப்பாசிரியருக்குத் தெரிவிப்பது, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு நண்பர்களை அழைப்பது, நாளை தண்ணீர்த் தடை என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வது, இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரத் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்பது: வீட்டில் தினமும் நடப்பவை இவை. வாரத்தில் மூன்று நாள், தாளில் பேனாவால், கால்மணி நேரம் எழுதினால் போதும். கைப்பேசியில் வேண்டாம், எழுத்துப் பிழையை அது தானே திருத்திவிடும், தேர்வு மண்டபத்தில் திருத்தாது.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம். மரம் வெட்டிவிட்டோ, தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்தோ வந்து உட்கார்ந்து, பிள்ளையிடம் தமிழில் கேளுங்கள்: யாருக்கு எழுதினாய்? அவன் என்னென்ன கேட்டான்? நீ என்ன பதில் சொன்னாய்? மூன்று கேள்விக்கு இரண்டு பதில்தான் வந்தது என்றால், விடைத்தாளைத் திருத்துபவர் கண்டுபிடிப்பதற்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

படிவம் 6க்கோ மெட்ரிகுலேஷனுக்கோ போகும் பிள்ளைகள் பின்னர் முவெட் தேர்வு எழுதுவார்கள். அங்கும் எழுத்துத் தாளின் முதல் கேள்வி ஒரு மின்னஞ்சலுக்கோ கடிதத்துக்கோ பதில் எழுதுவதுதான். குறைந்தது 100 சொல் எழுதவேண்டும்.