மழையும் ஒரு வார்த்தையும்

எங்க லப்பைக்குடிக்காட்டுல பலருக்கு வளைகுடாவுலதான் பிழைப்பு. அதனால துபாய் விமானம்னா காது கொடுத்துக் கேட்போம்.

2020 ஆகஸ்ட் 7. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து 190 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் இறங்க முயன்றது. முதல் முயற்சியைக் கைவிட்டு, எதிர்முனையிலிருந்து, பின்காற்றோடு வந்தது. 'கோ அரவுண்ட்', அதாவது மறுபடி மேலே ஏறுங்கன்னு துணை விமானி சொன்னார். தலைமை விமானி ஏறல. துணை விமானி கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவும் இல்லைன்னு விசாரணை அறிக்கை சொல்லுது. பாதி ஓடுபாதை தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. குன்றின் மேல் அமைந்த ஓடுபாதை அது. விமானம் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தாங்க.

2010-ல் மங்களூரில் மழை இல்லை. அங்கேயும் துணை விமானி அதே வார்த்தையைச் சொன்னார். 158 பேர் இறந்தாங்க.

அப்போ மழை மட்டுமா காரணம்? இளையவர் சொல்லை மூத்தவர் கேட்காததும்தான்.