பிபிசி மைக்ரோ அசெம்பிளர்

பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ கணினியில், பேசிக் மொழிக்குள்ளேயே அமைந்த 6502 செயலிக்கான அசெம்பிளர். 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டத்தின்வழி இக்கணினி இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது. மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் இதை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் தயாரித்தது.

சதுர அடைப்புக்குறிகளுக்குள் எழுதும் வரிகளை இந்த அசெம்பிளர் இயந்திரக் குறியீடாக்கி நினைவகத்தில் வைக்கும். ‘எல்டிஏ #65’ என்ற வரி, ஏ9, 41 என்னும் இரண்டு பதினறும பைட்டுகளாகும். அடுத்து எஃப்எஃப்ஈஈ முகவரியிலுள்ள துணைநிரலை அழைத்தால், திரையில் ஆங்கிலத்தின் முதல் எழுத்து தோன்றும். பின்னால் வரும் முகவரிப் பெயர்களுக்கு மதிப்புக் காண, நிரலர் அவ்வரிகளை ஒரு சுழற்சியில் வைத்து இருமுறை அசெம்பிளருக்குத் தர வேண்டும். முதல்முறை பிழைச்செய்திகளை அடக்க ‘ஆப்ட்’ கட்டளை உதவும். தனி மென்பொருள் வாங்காமலே மாணவர்கள் செயலியோடு நேரடியாகப் பழக வழிசெய்தது இதன் பெருஞ்சிறப்பு.