தென்காசியில் விளையாட்டுக் கணினி: உதிரிபாகத் தேர்வின் வரலாறு

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் குறைந்த செலவில் முதல் விளையாட்டுக் கணினியை அமைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தின் ‘அசெம்பிள்டு’ கணினி வரலாற்றின் ஒரு கிளை. நிறுவனம் முழுதாகச் செய்து விற்கும் கணினியை வாங்காமல் பிராசஸர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட் ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்தெடுத்துப் பூட்டிக்கொள்ளும் முறை இது. விலைப்பட்டியல் சென்னைக்காரருக்கும் தென்காசிக்காரருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பொருந்தாத பாகமோ பழுதான பாகமோ வந்துவிட்டால்தான் வேறுபாடு தெரியும். சென்னையில் வாங்கியவர் மறுநாள் அதே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். தென்காசிக்குத் திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர், மதுரை சுமார் 160 கிலோமீட்டர், சென்னை 600 கிலோமீட்டருக்கும் மேல். சிக்கனம் என்பதன் பொருளையே இந்தத் தொலைவு மாற்றியது.

பின்னணி

1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனிநபர் கணினியின் உட்கட்டமைப்பு மற்றவர்கள் பின்பற்றக்கூடியதாக இருந்தது. அதையொட்டிப் பல நிறுவனங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் பாகங்களைச் செய்யத் தொடங்கின. 1995இல் இன்டெல் அறிமுகப்படுத்திய ஏடிஎக்ஸ் அளவு முறை மதர்போர்டு, கேபினட், எஸ்எம்பிஎஸ் மூன்றுக்கும் பொதுவான அளவுகளைக் கொடுத்தது. ஒரு கடையில் வாங்கிய பெட்டிக்குள் இன்னொரு கடையில் வாங்கிய போர்டு சரியாக உட்காருவது இதனால்தான்.

இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் 1997இல் இந்தியா சேர்ந்தது. அதன்படி கணினி, பிராசஸர், ரேம் போன்றவற்றின் மீதான சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005இல் இல்லாமலாயிற்று. டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2018 வரவுசெலவுத் திட்டத்தில் அவற்றின் சுங்க வரி 10 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்தது. மேலைநாடுகளில் குறைந்த செலவில் விளையாட விரும்புபவரின் முதல் தேர்வு கன்சோல். தமிழகத்தில் கணினி முந்திக்கொண்டதற்கு இந்த வரி வேறுபாடு ஒரு காரணம். இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருந்தது. கணினி என்றால் படிப்புக்கு என்று சொல்லலாம், கன்சோலுக்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

தென்காசியில் அந்த வாதத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சான்றும் கிடைத்தது. ஜோஹோ நிறுவனம் 2011இல் தென்காசியில் சிறிய அலுவலகம் ஒன்றைத் தொடங்கிப் பின்னர் அருகிலுள்ள மத்தளம்பாறையில் விரிவாக்கியது. பள்ளிப்படிப்பு முடித்தவர்களுக்கு மென்பொருள் பயிற்சி தரும் அதன் பள்ளியும் இங்கே உண்டு. அதே 2011இல் தமிழக அரசு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பல வீடுகளின் முதல் கணினி அதுவே. பழைய ஜிடிஏ வைஸ் சிட்டி, கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டுகளுக்கு அது போதும். ஆனால் அதில் கிராபிக்ஸ் கார்டு சேர்க்க இடமில்லை. அடுத்த கட்டத்துக்குப் போக விரும்பியவர் பாகம் பாகமாக வாங்கும் மேசைக் கணினிக்கே வரவேண்டியிருந்தது.

ரிச்சி தெரு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதைச் சுற்றிய நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு போன்றவையும் ரேடியோ, மின்னணு உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர்பெற்றவை. தனிநபர் கணினி பரவியபோது இதே தெருக்கள் தமிழகத்தின் கணினிச் சந்தையாயின. இங்கே வாங்குபவர் முதலில் செய்வது கொட்டேஷன் வாங்குவது. ஒரு கடையில் துண்டுச் சீட்டில் விலைகளை எழுதி வாங்கி, அதைக் காட்டி அடுத்த கடையில் குறைத்துக் கேட்பார். டாலர் மதிப்பும் சரக்கு வரத்தும் பொறுத்து விலை மாறுவதால் காலையில் வாங்கிய சீட்டு மாலையில் செல்லாமல் போவதும் உண்டு.

தென்காசியிலிருந்து இந்தச் சந்தைக்கு வழி பொதிகை விரைவு ரயில். இரவில் ஏறினால் காலையில் எழும்பூர். பகலெல்லாம் அலைந்து வாங்கி, இரவு அதே ரயிலில் திரும்பலாம். கேபினட் பெட்டியும் மானிட்டர் பெட்டியும் இருக்கைக்கு அடியில் வரும். இந்தப் பயணத்துக்கு ஆகும் செலவு, உள்ளூர்க் கடைக்காரர் கூடுதலாக வைக்கும் விலைக்கு ஏறத்தாழச் சமமாகிவிடுவது பலரும் கவனிக்காத கணக்கு. மேலும் உள்ளூர்க் கடைக்காரர் பழுதான பாகத்தை வாங்கித் தன் மொத்த வியாபாரியிடம் அனுப்புவார். அந்த அலைச்சலுக்கும் சேர்த்துத்தான் அவருடைய விலை. இணையவழி விற்பனை பரவியபின் விலை வேறுபாடு குறைந்தது. பழுதான பாகத்தை உத்தரவாதத்தில் மாற்றும் சிக்கல் குறையவில்லை.

ஓர் எழுத்து வித்தியாசம்

சிக்கன வரலாற்றில் அதிகப் பணம் வீணானது ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்கப்பட்டதால்தான். 1999இல் இன்டெல் வெளியிட்ட 810 சிப்செட்டில் கிராபிக்ஸ் வசதி மதர்போர்டிலேயே இருந்தது. தனிக் கார்டுக்கான செலவு மிச்சம் என்று அந்த போர்டுகள் நன்றாக விற்றன. அவற்றில் ஏஜிபி துளை கிடையாது. அன்றைய நல்ல கிராபிக்ஸ் கார்டுகளெல்லாம் ஏஜிபி வகை. ‘இப்போதைக்கு இது, அடுத்த வருடம் கார்டு’ என்று திட்டமிட்டவர் அடுத்த வருடம் கார்டோடு சேர்த்து மதர்போர்டையும் மாற்ற வேண்டியிருந்தது.

2003இல் வந்த 865 வரிசையிலும் இதே கதைதான். 865ஜி போர்டில் ஏஜிபி துளை உண்டு, 865ஜிவி போர்டில் இல்லை. துண்டுச் சீட்டில் ‘865 போர்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால் எது வரும் என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தபின் தெரியும்.

பிற்காலத்தில் இந்தப் பொறி கிராபிக்ஸ் கார்டுக்கே வந்தது. என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வெளியானது. 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகம் கொண்ட கார்டு வந்தது. அதன் நினைவக வேகம் முந்தையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கார்டில் 2304 கணக்கீட்டு அலகுகள் உண்டு. சீனச் சந்தைக்கென 2018இல் வந்த ‘2048எஸ்பி’ வகையில் 2048 மட்டுமே. பெட்டியின் முகப்பில் இரண்டும் 580தான். இவை மோசடி என்று சொல்ல முடியாது, எல்லாம் நுண்ணெழுத்தில் இருக்கின்றன. விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டுப் பார்க்கும் வாங்குபவரே இதில் தப்பித்தார்.

மின்சாரமும் சாரலும்

கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர் பற்றியே பேச்சு நடந்தாலும் கணினிகளைக் கொன்றது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் ‘450 வாட்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும். அந்த அளவு மின்சாரத்தை அது தொடர்ந்து தராது. மேசையில் எழுத்து வேலை செய்யும்வரை குறை தெரியாது. விளையாட்டு தொடங்கிக் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது கணினி தானே அணையும், அல்லது எஸ்எம்பிஎஸ் எரிந்து போர்டையும் கார்டையும் கூட எடுத்துக்கொண்டு போகும். மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்று சோதித்துச் சான்று தரும் 80 பிளஸ் திட்டம் 2004இல் வந்தது. அந்த முத்திரை உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்க முதல்முறை வாங்குபவருக்கு மனம் வராது, ஏனென்றால் திரையில் ஒரு காட்சியும் அதனால் கூடுதலாகத் தெரியப்போவதில்லை.

2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டு இந்தச் சிக்கலைப் பெரிதாக்கியது. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் கணத்தின் ஏற்ற இறக்கம் கருவிகளுக்கு ஆபத்து. யுபிஎஸ் ஆடம்பரமாக இல்லாமல் கணினியின் ஓர் உறுப்பாகவே ஆனது. வழக்கமான 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்ஸ்தான் தாங்கும். ஆகவே கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போதே யுபிஎஸ்ஸின் அளவையும் பார்க்க வேண்டியிருந்தது. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இந்த ஊர்களில் விரும்பப்பட்டதன் காரணம் இங்கே விளங்கும். அதற்கு 75 வாட்ஸ் போதும். பெரும்பாலான வகைகளுக்குத் தனி மின்கம்பி கூடத் தேவையில்லை, மதர்போர்டின் துளையே மின்சாரம் தரும்.

ஜூன் தொடங்கிக் குற்றாலத்தில் சீசன் களைகட்டும் மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் வட்டாரம் முழுவதையும் குளிர்விக்கின்றன. கணினியின் சூட்டுக்கு இது நல்லது. ஈரப்பதம் வேறு கதை. நெடுநாள் அணைத்து வைத்த கணினியைத் திறந்தால் திரை வராது, பீப் ஒலி மட்டும் வரும். ரேமின் முனைகளில் படிந்த மெல்லிய படலம்தான் பெரும்பாலும் காரணம். பழுதுபார்ப்பவர் ரேமைக் கழற்றி, பள்ளிப்பிள்ளைகளின் ரப்பரால் முனைகளைத் தேய்த்துத் திரும்ப மாட்டுவார், கணினி உயிர்பெறும். இந்த வைத்தியம் தெரியாமல் புது ரேம் வாங்கியவர்களும் உண்டு.

சிங்கப்பூர்த் தொடர்பு

தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தனர். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கப்பட்டது. தென்காசி முஸ்லிம் நலச் சங்கமும் அங்கே உண்டு. 1987இல் திறக்கப்பட்ட சிம் லிம் ஸ்குவேர், ரிச்சி தெருவை ஆறு மாடிகளாக அடுக்கியதுபோல் வளர்ந்த கணினிச் சந்தை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உறவினர் உள்ள வீடுகளுக்குச் சென்னையைத் தவிர இன்னொரு சந்தையும் எட்டும் தூரத்தில் இருந்தது. 2016ஆம் ஆண்டின் பயணப்பொதி விதிகள் 50,000 ரூபாய் மதிப்புவரை வரியின்றிக் கொண்டுவர அனுமதித்தன. ஒரு மடிக்கணினிக்குத் தனிச் சலுகையும் உண்டு. கிராபிக்ஸ் கார்டு அந்தத் தனிச் சலுகையில் சேராது. பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்குள் மட்டுமே செல்லும் என்பதால் பெட்டியில் மிச்சமான பணம் பழுதில் போகவும் கூடும்.

ரைசன் வருகையும் தட்டுப்பாடும்

2018 பிப்ரவரியில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 3 2200ஜி பிராசஸர் சிக்கனக் கணினியின் கணக்கைத் திருத்தி எழுதியது. 99 டாலர் விலையில் நான்கு கோர்களும் வேகா 8 கிராபிக்ஸும் ஒரே சில்லில் இருந்தன. கார்டு இல்லாமலே பல விளையாட்டுகளை அமைப்புகளைக் குறைத்து ஆட முடிந்தது. இதில் ஒரு நுணுக்கம்: உள்ளிணைந்த கிராபிக்ஸ் ரேமையே பயன்படுத்துவதால் 8 ஜிபி ஒற்றை ரேமைவிட 4 ஜிபி வீதம் இரண்டு ரேம் மாட்டினால் வேகம் கணிசமாகக் கூடும். செலவோ ஏறத்தாழ அதேதான்.

தொலைவின் விலை இங்கும் தலைகாட்டியது. 2017இல் செய்யப்பட்ட மதர்போர்டுகள் பயாஸ் புதுப்பிக்காமல் 2200ஜியை அடையாளம் காணவில்லை. பயாஸைப் புதுப்பிக்கக் கணினி இயங்க வேண்டும். இயங்க அந்த போர்டு ஏற்கும் பழைய பிராசஸர் வேண்டும். தற்காலிகமாக மாட்டிக்கொள்ள ஏஎம்டியே பழைய பிராசஸரை இரவல் தரும் ஏற்பாடு செய்தது. நகரக் கடைகளில் ஐந்து நிமிட வேலை. இணையத்தில் வரவழைத்துச் செங்கோட்டையிலோ இலஞ்சியிலோ தானே பூட்டிய மாணவருக்கு அது இறந்த போர்டு. பெட்டியில் ‘ரைசன் 2000 ரெடி’ என்ற ஒட்டுச் சீட்டைப் பார்த்து வாங்குவது அப்போது பரவிய பழக்கம்.

2017 முதல் ஜிஎஸ்டியில் பாகங்களுக்கு 18 விழுக்காடு வரி. 20 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28. 2019 ஜனவரியில் 32 அங்குலம் வரை 18 ஆனதும் 10,000 ரூபாய் அடக்கவிலை மானிட்டரில் 1,000 ரூபாய் குறைந்தது. அந்த ஆண்டு நவம்பர் 22இல்தான் தென்காசி தனி மாவட்டமாயிற்று.

2020இன் பிற்பகுதியில் தொடங்கிய சில்லுத் தட்டுப்பாடும் எத்தீரியம் மைனிங்கும் சேர்ந்து கார்டு விலையைப் பன்மடங்காக்கின. ஐந்தாண்டுப் பழைய 1050 டிஐயை என்விடியா மறுபடி சந்தைக்கு அனுப்பியது. 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் முறை மாறியதும் மைனிங்கில் ஓடிய கார்டுகள் பழைய பொருளாகக் குவிந்தன. இரவு பகலாக ஓடியவை என்பதால் விசிறி ஓசையையும் நினைவகச் சூட்டையும் நேரில் சோதித்து வாங்கியவர் பிழைத்தார். கூரியரில் வரவழைத்தவருக்கு அந்த வாய்ப்பில்லை.

இன்றுள்ள மிகச் சிக்கனமான வழி, நிறுவனங்கள் கழித்துவிட்ட அலுவலகக் கணினியை வாங்கி அதில் 75 வாட்ஸ் கார்டைச் செருகுவது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. நான்காம் தலைமுறை ஐ5 கணினிகள் மலிவாகக் கிடைப்பதன் காரணம் அதுவே. விலைச் சீட்டில் ‘ஐ5’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும்.