வேப்பேரி முதல் பண்ணைக்கிணறு வரை

திருப்பூரைப் பின்னலாடை நகரம் என்று சொல்லிப் பழகிவிட்ட நமக்கு, அந்நகரம் மாட்டின் உழைப்பில் எழுந்தது என்பது ஏறக்குறைய மறந்தே போய்விட்டது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அன்றைய கோவை மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த கம்போடியாப் பருத்தி பெரிதும் தோட்டக்கால் பயிர். கிணற்று நீரை நம்பி விளைவது. ஆழக் கிணற்றிலிருந்து அந்த நீரை மேலே கொண்டுவந்தது கவலை. கவலையை இழுத்தது காங்கேயம் எருது. விளைந்த பருத்தியைத் திருப்பூரின் ஜின்னிங் ஆலைகளுக்குச் சுமந்து வந்ததும் அதே எருது பூட்டிய வண்டிதான். 1932இல் இயங்கத் தொடங்கிய பைகாரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் மெல்ல மெல்லக் கிணறுகளை எட்டும் வரை இந்த ஏற்பாடு மாறவில்லை.

இவ்வளவு தூரம் மாட்டைச் சார்ந்து வாழ்ந்த ஒரு நிலத்தில், இன்றைய திருப்பூர் மாவட்ட எல்லைக்குள், கால்நடை மருத்துவம் கற்பிக்க ஒரு கல்லூரி வந்தது 2020இல்தான். உடுமலைப்பேட்டைக்கு அருகே பண்ணைக்கிணற்றில் அது அமைந்திருக்கிறது. அதற்கு முன்பு இப்பகுதியிலிருந்து இந்தப் படிப்பை விரும்பியவர்கள் ஊரை விட்டுப் போயாக வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் மாகாணத்தை விட்டே போயாக வேண்டியிருந்தது. கால்நடை மருத்துவக் கல்வியின் வரலாறு என்பது பெருமளவில் வெளியூர் சென்று படித்தவர்களின் வரலாறு. 'வெளிமாநில மாணவர்' என்ற சொல் இன்று சேர்க்கைப் பட்டியலின் ஓர் இனமாகச் சுருங்கிவிட்ட நிலையில், அந்தச் சொல்லுக்குப் பின்னுள்ள கதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது.

கல்லூரி இல்லை என்பதனால் அறிவு இல்லை என்று பொருளல்ல. 'மாட்டு வாகடம்' என்ற பெயரில் வழங்கும் சுவடி மரபு தமிழில் உண்டு. நோயின் குறி, மூலிகை, சூடு போடும் இடம், நல்ல மாட்டின் சுழி என்று விரியும் அறிவு அது. நோய்களுக்குத் தமிழில் இருக்கும் பெயர்களே அந்த மரபின் கூர்மைக்குச் சான்று. வாயிலும் குளம்பிலும் புண் காண்பது கோமாரி. தொடைச்சதை வீங்கி மாட்டைச் சாய்ப்பது சப்பை நோய். மாடு திடீரென விழுந்து மடிவது அடைப்பான். தொண்டை வீங்கி மூச்சு முட்டினால் தொண்டை அடைப்பான். ஆடு துள்ளி விழுந்து சாவது துள்ளுமாரி. இவற்றுக்கெல்லாம் மேலாக, மந்தை மந்தையாக வாரிக்கொண்டு போனது வெக்கை.

வெக்கையின் முன்னால் வாகடம் தோற்றது; ஆங்கிலேயரின் மருத்துவமும் அன்று தோற்றது. சென்னை மாகாணத்தில் 1866இலேயே கால்நடை நோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இந்தியா முழுவதுக்குமான கால்நடைக் கொள்ளைநோய் ஆணையத்தின் அறிக்கை 1871இல் வெளிவந்தது. சட்டமும் அறிக்கையும் இருந்தன. ஊருக்குள் போய் அவற்றைச் செயல்படுத்தும் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் இல்லை. காலனிய அரசின் கால்நடை மருத்துவம் படைக்குதிரைகளை மையமாகக் கொண்டே தொடங்கியது. உழவனின் எருது அதன் கண்ணில் பட வெகுகாலம் ஆயிற்று.

லாகூரில் 1882, பம்பாயில் 1886, கல்கத்தாவில் 1893 - தொடக்ககாலக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் வரிசை இது. தெற்கே ஒன்றுகூட இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவை மாவட்டத்து இளைஞன் ஒருவன் இந்தப் படிப்பை முறையாகப் படிக்க நினைத்திருந்தால், ரயிலேறி அரக்கோணம், ராய்ச்சூர் வழியாகப் பம்பாய் செல்வதே அவனுக்கு அருகிலிருந்த வழி. அங்கே பரேலில், பார்சி வணிகர் தின்ஷா மானக்ஜி பெட்டிட்டின் கொடையால் எழுந்த விலங்கு மருத்துவமனையோடு இணைந்து கல்லூரி இயங்கியது. பாடம் ஆங்கிலத்தில், மருத்துவமனைக்கு மாட்டை ஓட்டி வருபவன் பேசுவது மராத்தியில் அல்லது குஜராத்தியில். எந்த மொழியில் நோயைக் கேட்டறிவது என்ற சிக்கல் இந்தப் படிப்போடு கூடவே பிறந்தது.

சென்னை மாகாணத்தின் விடை 1903 அக்டோபரில் வந்தது. சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களுடன் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. சில ஆண்டுகளில் வேப்பேரிக்கு இடம் மாறியது. சைதாப்பேட்டையில் ஏற்கெனவே வேளாண்மைக் கல்வி நடந்துவந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1906இல் வேளாண்மைக் கல்லூரி கோவைக்கு வந்துவிட்டது. கால்நடை மருத்துவம் சென்னையிலேயே தங்கிவிட்டது. ஏரும் எருதும் இப்படி 300 மைல் இடைவெளியில் பிரிந்தன. கொங்கு நாட்டுக்குப் பயிரின் கல்லூரி கிடைத்தது. அந்தப் பயிருக்கு நீரிறைத்த மாட்டின் கல்லூரி கிடைக்கவில்லை. காங்கேயத்துக் கொறங்காட்டில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த மாட்டைப் பற்றி அதிகாரிகள் எழுதினார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர்களின் மந்தை நாடறிந்த புகழ் பெற்றது. அந்த மாட்டுக்கு மருத்துவம் படிக்க விரும்பியவர் மட்டும் வேப்பேரிக்குப் போனார்.

வேப்பேரியில் அவர் யாரோடு அமர்ந்தார் என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம். 1946இல் ஹைதராபாத்தில் கல்லூரி தொடங்கும் வரை தென்னிந்தியா முழுமைக்கும் வேப்பேரி ஒன்றே கால்நடை மருத்துவக் கல்லூரி. நெல்லூர் மாடு வளர்த்த கடற்கரை மாவட்டங்களின் தெலுங்கரும், மலபாரின் மலையாளியும், தென் கன்னடத்தவரும் அங்கே வெளியார் அல்லர். ஒரே மாகாணத்தின் குடிகள். திருவிதாங்கூர், கொச்சி, மைசூர் ஆகிய சமஸ்தானங்களிலிருந்து வருவோர் மட்டுமே சட்டப்படி வெளியார். 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே கால்நடை மருத்துவத்தில் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் முதல் கல்லூரியாக வேப்பேரி உயர்ந்தபோது, அந்தப் பெருமை தமிழர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

பிறகு வரைபடம் மாறியது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. ஆந்திரத்துக்கான கல்லூரி 1955இல் பாபட்லாவில் தொடங்கிப் பின் திருப்பதிக்குச் சென்றது. கேரளத்துக்கு அதே 1955இல் திருச்சூர் அருகே மண்ணுத்தியில் ஒன்று. கர்நாடகத்துக்கு 1958இல் பெங்களூர் ஹெப்பாளில் ஒன்று. மொழிவாரி மாநிலம் ஒவ்வொன்றும் தன் மாடுகளுக்குத் தன் மருத்துவர்களை உருவாக்கிக்கொள்ள முற்பட்டது நியாயமானதே. ஆனால் நேற்றுவரை ஒரே விடுதியில் உண்டவர்களின் தம்பிகள் இன்று வெளிமாநிலத்தவர் ஆயினர். மாணவர் ஓர் அடியும் நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது.

நோய்க்கு அந்தக் கோடு தெரியாது. வெக்கை நோயின் முடிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முக்தேசுவர் ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் 1920களில் ஆட்டின் உடல்வழி வலுக்குறைத்து உருவாக்கிய தடுப்பூசி வடக்கே பிறந்தது. தெற்கே இராணிப்பேட்டை நிறுவனம் போன்றவை தடுப்பு மருந்துகளைத் தயாரித்தன. மாடு சந்தைக்குச் சந்தை, மாநிலத்துக்கு மாநிலம் நடந்துகொண்டிருக்கையில் ஒரு மாநிலம் மட்டும் நோயை ஒழித்துவிட முடியாது என்பது உணரப்பட்ட பின்னரே நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் வலுப்பெற்றது. இந்தியாவின் கடைசி வெக்கை நோய்த் தாக்குதல் 1995இல் தமிழ்நாட்டின் வடஆர்க்காட்டுப் பகுதியில் பதிவாயிற்று. 2006இல் இந்தியா இந்நோய்த் தொற்றிலிருந்து விடுபட்ட நாடாக ஏற்கப்பட்டது. 2011இல் உலகமே விடுபட்டது. பல மாநிலங்களில் படித்த மருத்துவர்கள் ஒரே முறையில் ஊசி போட்டு, ஒரே முறையில் கண்காணித்ததால் வந்த வெற்றி இது.

ஒரே முறை என்றால் ஒரே தரம் வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் அந்த எண்ணத்தில் பிறந்தது. அச்சட்டத்தின்படி அமைந்த மன்றமே பாடத்திட்டத்தை வகுக்கிறது. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் இடங்களில் 15 விழுக்காட்டை அனைத்திந்திய ஒதுக்கீடாக நிரப்புகிறது. முன்பு இதற்கெனத் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. பின்னர் நீட் மதிப்பெண் அதன் இடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டு மாணவரோ மாநில ஒதுக்கீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு சேர்கிறார். ஆக ஒரே வகுப்பறைக்கு இரண்டு வாசல்கள். இந்த ஒதுக்கீடு ஒருவழிப் பாதையன்று. மண்ணுத்திக்கும் திருப்பதிக்கும் ஹெப்பாளுக்கும் போகும் தமிழ் மாணவருக்கும் அதே 15 விழுக்காடுதான் கதவு.

2023ஆம் ஆண்டுச் சேர்க்கையில் தமிழ்நாட்டின் ஏழு கல்லூரிகளிலும் சேர்ந்து 660 இடங்கள் இருந்தன. அவற்றுள் சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய நான்கின் 420 இடங்களிலிருந்து மட்டும் 63 இடங்கள் அனைத்திந்திய ஒதுக்கீட்டுக்குச் சென்றன. புதிய கல்லூரிகளான உடுமலைப்பேட்டை, தலைவாசல், தேனி வீரபாண்டி ஆகியவற்றின் இடங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாத பின்னலாடை மாவட்டத்தில், அவ்வாண்டு, வெளிமாநில மாணவருக்கு ஓர் இடமும் இல்லாத ஒரு கல்லூரி!

இதைக் குறையென்று உடனே சொல்லிவிட முடியாது. மாநில அரசின் பணத்தில் எழுந்த கல்லூரியில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முதலிடம் வேண்டும் என்ற வாதத்துக்கு வலு உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை தரும் 2021ஆம் ஆண்டின் சட்டம் கால்நடை மருத்துவத்தையும் உள்ளடக்கியது. மாட்டோடு வளர்ந்த பிள்ளை மாட்டு மருத்துவராவதற்கான வாசல் அது. நூறாண்டுக்கு மேல் வேப்பேரிக்கும் பிற ஊர்களுக்கும் போய்ப் படித்த வட்டாரம், கிடைத்த இடங்களைத் தன் பிள்ளைகளுக்கென வைத்துக்கொள்ள விரும்பினால் அதில் வியப்பில்லை. பட்டம் பெற்றதும் ஊர் திரும்பிவிடுபவருக்கு ஏன் இடம் என்ற கேள்வியும் எழத்தான் செய்யும்.

ஆனால் எதிர்வாதத்துக்கும் செவி கொடுக்க வேண்டும். இந்த வட்டாரத்தின் கால்நடை இன்று காங்கேயம் எருது மட்டுமன்று. 1984இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் ஒப்பந்தக் கறிக்கோழி வளர்ப்பை நாடெங்கும் கொண்டுசென்றது. பல்லடம் கறிக்கோழித் தொழிலின் தலைமையிடங்களுள் ஒன்று. பஞ்சாபிலும் வங்காளத்திலும் அத்தொழிலுக்கு மருத்துவர் தேவை. அவர் இங்கே வந்து கற்பதும், இங்குள்ளவர் அங்கே போய்க் கற்பதும் இருபுறமும் நன்மை. பறவைக் காய்ச்சலும் கோமாரியும் எந்த மாநில ஒதுக்கீட்டுக்கும் கட்டுப்பட்டவை அல்ல.

அப்படி வரும் மாணவர் எதைத் தயாரித்துக்கொண்டு வரவேண்டும்? நுழைவுத் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும். ஐந்தரை ஆண்டுப் படிப்புக்கு அவை போதா. மனித மருத்துவத்தில் நோயாளி ஏதோ ஒரு மொழியில் வலியைச் சொல்லிவிடுவார். இங்கே நோயாளி பேசுவதில்லை. வளர்ப்பவர் பேசுகிறார், அதுவும் தம் வட்டார வழக்கில். 'மாடு அசை போடலீங்க' என்ற ஒரு வரியில் பாதி நோயறிதல் அடங்கியிருக்கிறது. பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் காங்கேயம் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுவது இயல்பு என்பதையும், மயிலை, காரி, செவலை என்று நிறத்தைக் கொண்டே மாட்டைக் குறிப்பிடுவார்கள் என்பதையும் தொழுவத்தில்தான் கற்க முடியும். பரேலில் அன்று தமிழ் மாணவருக்கு மராத்தி எப்படியோ, பண்ணைக்கிணற்றில் நாளை வருபவருக்குக் கொங்குத் தமிழ் அப்படி.

எனவே இடம் எத்தனை என்ற கணக்கோடு வேறொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். வெளிமாநில மாணவருக்கு முதலாண்டிலேயே வட்டாரத் தமிழைக் கற்பிக்க, நோய்ப் பெயர்களை ஊர் வழக்கிலேயே சொல்லித்தர, சில வாரங்களாவது ஒரு கொறங்காட்டில் அவரை விட்டுவைக்க நம் கல்லூரிகள் ஏற்பாடு செய்தால், அவர் ஊர் திரும்பினாலும் நமக்கு இழப்பில்லை. காங்கேயம் மாட்டை அறிந்த மருத்துவர் ஒருவர் ராஜஸ்தானிலோ அஸ்ஸாமிலோ இருப்பார். பம்பாய்க்கும் வேப்பேரிக்கும் வந்துபோன அந்நாளைய மாணவர்களும் இப்படித்தான் கற்றதைச் சுமந்துகொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். தென்னகத்தின் பிற கல்லூரிகள் எழுந்தது அதற்குப் பிறகுதான்.