கைகாட்டியும் கடவையும்: சிங்கப்பூர் இரயில் பாதையின் பழைய சமிக்ஞைகள்

இரயில் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நிலையங்களிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் மக்களின் அன்றாட வாழ்வோடு இரயில் மிகுதியாக உறவாடிய இடம், சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் கடவையே. ஒருநாளும் இரயிலில் ஏறாதவர்கூடக் கடவையில் காத்து நின்றிருப்பார். ஆகவே, சிங்கப்பூர் இரயில் பாதையின் கடவைகளையும், அப்பாதையைக் காத்த பழைய சமிக்ஞைக் கருவிகளையும் இங்குக் காண்போம்.

1903ஆம் ஆண்டில் தேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை இரயில் ஓடத் தொடங்கியது. 1918இல் அப்பாதை கூட்டு மலாய் மாநிலங்களின் அரசுக்கு மாற்றப்பட்டது. 1923இல் ஜொகூர் கடற்பாலத்தின்வழி தீபகற்பத்தோடு இணைந்தது. நகரம் வளர வளர, சாலைகளை இரயில் மறித்து நிற்பது பெரும் இடையூறாயிற்று. அதனைத் தவிர்க்கவே நகருக்கு மேற்கே புதிய தடம் அமைத்து, 1932இல் தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்தனர். புக்கிட் தீமா நிலையமும் அத்தடத்தோடு எழுந்ததே. எனினும் வடக்கே சுவா சூ காங், சுங்கை காடுட், கிராஞ்சி முதலிய இடங்களில் கடவைகள் எஞ்சி நின்றன.

1965இல் சிங்கப்பூர் தனிநாடான பின்னரும் இப்பாதை மலேசிய இரயில்வேயின் வசமே இருந்தது. இதன் விளைவை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கடவையின் தடைக்கோல் இறங்கும்போது, ஒரு நாட்டின் சாலைப் போக்குவரத்து மற்றொரு நாட்டின் இரயிலுக்காக நின்றது. நிலம் பற்றிய 1990ஆம் ஆண்டு உடன்பாடும், அதன் பொருள் குறித்து இரு அரசுகளுக்கும் இடையே இருபது ஆண்டுகள் நீடித்த கருத்து வேறுபாடும், கடவையில் காத்திருந்தவர் கண்முன்னேயே இருந்தன எனலாம்.

2010இல் தீர்வு ஏற்பட்டது. 2011 ஜூன் மாதத்தில், மூடப்படவிருந்த பாதையைக் காணச் சென்ற பலருள் நாமும் இருந்தோம். ஒரு கடவையில், இரயில் வருவதை அறிந்த காவலர் தம் சிறு குடிலைவிட்டு வெளியே வந்தார், இருபுறமும் நோக்கினார், சாலையை மூடினார். பேருந்துகளும் சரக்குந்துகளும் வரிசையாக நின்றன. வண்டி கடந்து சென்றதும் சாலையைத் திறந்துவிட்டு மீண்டும் குடிலுக்குள் சென்றார். இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்தன. நாம் படமெடுத்தோம், ஆனால் அவர் எவ்வாறு வண்டியின் வரவை அறிந்தார், எவரிடம் அதைப் பெற்றார் என்று கேட்கத் தவறினோம்.

புக்கிட் தீமா நிலையத்தில் இதைவிடப் பழைய முறையைக் கண்டோம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிட்டால் பேரிடர் நேரும். அதைத் தடுக்க ஒரு சாவி போன்ற அடையாளப்பொருள் பயன்பட்டது. அதனை 'டோக்கன்' என்பர். ஒரு பகுதியின் இரு முனைகளிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு முனையில் டோக்கனை எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டிக்குள் செல்லும்வரை மற்றொன்றை எடுக்க இயலாது. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அப்பகுதிக்குள் நுழையக் கூடாது. நிலையத்தில் நில்லாத வண்டிகள் மெதுவாகச் செல்ல, பெரிய வளையத்தில் கோத்த டோக்கனை நிலைய ஊழியரும் ஓட்டுநர் பக்கத்தாரும் கைமாற்றிக்கொண்டனர்.

நெம்புகோல்களால் இயக்கும் பழைய சமிக்ஞைகளிலும் இதே நெறியைக் காணலாம். கம்பத்தின் கை கிடையாக இருந்தால் 'நில்', சாய்ந்தால் 'செல்'. இழுக்கும் கம்பி அறுந்துவிட்டால், எடையின் துணையால் கை தானே 'நில்' நிலைக்குத் திரும்பும். பல கடவைகளில் சாலைக் கதவு மூடப்படாதவரை 'செல்' சமிக்ஞையைக் காட்ட முடியாதபடி பூட்டமைப்பும் இருந்தது. மனிதர் தவறுவர், பொருள் பழுதாகும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, பழுது நேர்ந்தாலும் உயிர் காக்கும் பக்கமே சாயும்படி அமைத்த அறிவு அது.

இக்கம்பத்துக்குத் தமிழர் 'கைகாட்டி' என்று பெயரிட்டனர். ஊர்வழி காட்டும் பலகைக்கும் அதே பெயர்தான். புதிய பொருளைக் கண்டபோது, பழகிய சொல்லையே விரித்து வழங்கினர். 'கட' என்னும் வினையிலிருந்து 'கடவை' வந்தது. பேச்சிலோ அது 'கேட்டு' ஆயிற்று. அதைக் காப்பவர் 'கேட்டுக்காரர்' ஆனார். நூல்வழக்கும் தொழில்வழக்கும் இவ்வாறு அருகருகே வாழ்ந்தன. மலாயாவின் தண்டவாளங்களைப் போட்டுப் பேணியவருள் தமிழகத் தொழிலாளர் பெருந்தொகையினர். நிலைய அலுவலகங்களில் இலங்கைத் தமிழர் பலர் பணியாற்றினர். ஆதலின் இச்சொற்களை நம் சமூகத்தின் உழைப்புக்குச் சான்றுகளாகவும் கொள்ளல் தகும்.

2011 ஜூன் 30ஆம் நாள் இரவு, ஜொகூர் சுல்தான் இறுதி வண்டியைத் தாமே ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல் இரயிலின் முனை உட்லண்ட்ஸ் ஆயிற்று. தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னமாயிற்று. புக்கிட் தீமா நிலையமும் பாதுகாக்கப்படுகிறது. தண்டவாளம் சென்ற வழியில் இன்று மக்கள் நடைபயில்கின்றனர்.

இரும்பும் செங்கல்லும் காக்கப்பட்டன. ஆனால் அந்த நெம்புகோலை எப்போது, ஏன் இழுத்தனர் என்பதை அறிந்தவர் குறைந்து வருகின்றனர். அக்கேள்விகளை அன்று கடவையில் கேட்காமல் வந்தது நம் பிழை. மாணவர்கள் அப்பிழையைச் செய்ய வேண்டியதில்லை. இரயில்வேயில் பணிபுரிந்த தாத்தாவோ பாட்டனாரோ அண்டை வீட்டாரோ இருப்பின், அவர்களிடம் செல்லுங்கள். அவர்கள் வழங்கிய சொற்களை அவர்கள் ஒலித்தவாறே எழுதிக்கொள்ளுங்கள். பொருளையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்புப் பணியாக அமைப்பின், நூலகத்தில் இல்லாத ஒரு வரலாற்று ஏடு அவ்வகுப்பிலேயே உருவாகும்.